கேஸ் அடுப்பில் புகை எங்கே?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: மகளுக்கு எட்டு வயது. ஓயாமல் கேள்வி கேட்கிறாள். போன வாரம் படுக்கும்போது, "நாளைக்கு எப்பம்மா இன்னைக்கு ஆகும்?" என்று கேட்டாள். குழந்தைகளுக்குத் தத்துவமும் படைப்புச் சிந்தனையும் சொல்லித்தரும் வகுப்பு ஒன்று பக்கத்தில் தொடங்கியிருக்கிறது. அதில் சேர்க்கலாமா, வீட்டிலேயே ஏதாவது செய்யலாமா, இந்த வயதுக்கு இதெல்லாம் எட்டுமா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எட்டும். அவள் ஏற்கெனவே தொட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

அமெரிக்காவில் கேரத் மாத்யூஸ் என்று ஒரு தத்துவப் பேராசிரியர் இருந்தார். 1980-இல் வந்த அவருடைய நூல், பாத்திரத்தை வழித்து நக்கிக்கொண்டிருக்கும் ஆறு வயதுப் பையனோடு தொடங்குகிறது. நக்குவதை நிறுத்தாமலே அவன் அப்பாவிடம், எல்லாமே கனவு இல்லை என்று நமக்கு எப்படி நிச்சயமாகத் தெரியும் என்று கேட்கிறான். இதே சந்தேகத்தை பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட் 1641-இல் அச்சில் கொண்டுவந்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்து. ஆனால் எனக்குப் பிடித்தது பையனைவிட அந்த அப்பாதான். தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, நீ என்ன நினைக்கிறாய் என்று திருப்பிக் கேட்டார். பையன் இன்னும் சில நக்கு நக்கிவிட்டுச் சொன்னான்: எல்லாம் கனவாக இருக்காது, ஏனென்றால் கனவில் யாரும் இது கனவா என்று கேட்டுக்கொண்டு திரிய மாட்டார்கள். இந்தப் பதிலில் ஓட்டை இருக்கிறதுதான். எனக்கே கனவுக்குள் "ஐயோ, இது கனவோ" என்று தோன்றியதுண்டு. இருந்தாலும் ஒரு காரணம், அந்தக் காரணத்திலிருந்து ஒரு முடிவு என்று முழுசாக ஒரு வாதம் அதில் இருக்கிறது.

குழந்தைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே, பதினொன்று, பன்னிரண்டு வயதுக்குப் பிறகுதான் அருவமான தர்க்கம் கைகூடும் என்று சொன்னார். நம் ஊர் பி.எட். பாடத்தில் அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் அதையே வேதமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். மாத்யூஸின் மறுப்பு எளிமையானது: குழந்தைகள் சொன்ன விசித்திரமான பதில்களைக் கற்பனை உளறல் என்று பியாஜே ஒதுக்கிவிட்டார், சுவாரசியமான சிந்தனை இருந்ததே அந்த ஒதுக்கிய குவியலில்தான்.

சரி, எப்படிச் சொல்லித்தருவது? இதை வகுப்பறைக்குள் முறையாகக் கொண்டுவந்தவர் மாத்யூ லிப்மன். 1968-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் மாணவர் போராட்டத்தில் கொந்தளித்தபோது அங்கே பேராசிரியராக இருந்தார். படித்த பெரியவர்களே ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டு நியாயம் பேச முடியாமல் திணறுவதைப் பார்த்தார். பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு தர்க்கம் கற்பிப்பது ரொம்பத் தாமதம் என்று அவருக்குப் பட்டது. பாடநூல் எழுதாமல் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு கதை எழுதினார். 1974-இல் நியூஜெர்சி மாநிலத்தின் மான்ட்கிளேரில் இதற்காக ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார்.

கதையின் நாயகன் பெயர் ஹாரி ஸ்டாட்டில்மையர். வேகமாகச் சொல்லிப் பாருங்கள், உள்ளே ஒளிந்திருப்பவர் கிரேக்கத் தத்துவவாதி அரிஸ்டாட்டில் என்று தெரியும். ஹாரி வகுப்பில் பராக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆசிரியர் திடீரென்று, நீண்ட வால் உள்ளது, 77 ஆண்டுக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றுவது எது என்று கேட்கிறார். கோள்கள் எல்லாம் சூரியனைச் சுற்றுகின்றன என்று சற்று முன்பு காதில் விழுந்தது அவனுக்கு நினைவிருக்கிறது. "கோள்" என்கிறான். வகுப்பே சிரிக்கிறது. வால்நட்சத்திரம் அல்லவா அது! அவமானத்தோடு வீட்டுக்குப் போகும் வழியில் ஹாரி யோசிக்கிறான். கோள்கள் எல்லாம் சூரியனைச் சுற்றுகின்றன, சரி. அதைத் திருப்பிப் போட்டால், சூரியனைச் சுற்றுபவை எல்லாம் கோள்கள் என்றாகிறது. அது தப்பு. 'எல்லாம்' என்று வரும் வாக்கியத்தைத் திருப்பிப் போட முடியாது என்று தானே ஒரு விதியைக் கண்டுபிடிக்கிறான். ஒரு தர்க்க விதி தானாகக் கையில் வந்து விழும்போது ஒரு பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்பதுதான் கதையே.

இதை இறக்குமதிச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை தெரிவதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். அதாவது முடிவு, காரணம், எடுத்துக்காட்டு. இவை ஒவ்வொன்றிலும் போலி எப்படி நுழையும் என்றும் அந்தக் காதையில் நீளமாக வருகிறது. கல்லூரியில் தமிழ் படித்தவர்கள்கூடத் தேர்வுக்கு வராது என்று தாண்டிப்போகும் பகுதி. எனக்கு அது காப்பியத்திலேயே ரசமான இடங்களில் ஒன்று. துறவு பூண்ட ஓர் இளம்பெண்ணுக்கு ஆசிரியர் கொடுக்கும் சீதனம் ஏமாறாமல் யோசிக்கும் வித்தை.

நான் எங்கள் தெரு நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு உட்காருகிறேன். ஒரு நாள் இந்த மலையையும் புகையையும் எடுத்துக்கொண்டோம். "நெருப்பில்லாமல் புகையாது" என்று பெரியவர்கள் சொல்வார்களே, அது சரியா என்று கேட்டேன். எல்லோரும் சரி என்றார்கள். அப்படியென்றால் புகை இல்லாமல் நெருப்பும் இருக்காது, இல்லையா? அதற்கும் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அப்போது ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, "எங்க வீட்டு கேஸ் அடுப்புல புகையே வராதே!" என்றாள். முடிந்தது. ஹாரி கண்டுபிடித்த அதே விதி, ஒரு சமையலறை வழியாக வந்து விழுந்தது. பழைய தருக்க நூல்களில் இதே இடத்துக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பு உருண்டையைச் சொல்வார்கள்: நெருப்பு உண்டு, புகை இல்லை. விறகடுப்புக் காலத்து அடுக்களையைப் பார்த்து எழுதிய எடுத்துக்காட்டை, கேஸ் அடுப்புக் காலத்துக் குழந்தை அடுக்களையை வைத்தே மடக்கிவிட்டாள்.

அத்தோடு நிற்கவில்லை. இன்னொருவன் பழமொழியையே பிடித்தான். தூரத்தில் மலைமேல் தெரிவது புகைதானா, பனியாகவோ மேகமாகவோ இருந்தால்? இட்லிப் பானையில் வருவது புகை இல்லை, ஆவி. கல்யாண மேடையில் தம்பதி நடந்து வரும்போது மெஷின் வைத்து விடுகிறார்களே, அது என்ன? கடைசியில், ஒருவரைப் பற்றி ஊரில் பேச்சு அடிபட்டால் அவர் நிச்சயம் தப்பு செய்திருப்பாரா என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நான் வழி காட்டவே இல்லை. நான் சொன்னதெல்லாம் ஒரே வாக்கியம்தான்: "அப்படி இல்லாத ஒண்ணைச் சொல்லு பார்ப்போம்."

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் இந்த ஒரு வாக்கியம்தான், மற்றதெல்லாம் உபரி. தத்துவம் வேறு, படைப்புச் சிந்தனை வேறு என்று நீங்கள் இரண்டாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். வகுப்பு நடத்துபவர்களும் அப்படித்தான் இரண்டு பாக்கெட்டாக விற்கிறார்கள். ஒரு விதிக்கு அடங்காத ஒன்றைத் தேடும்போது குழந்தை இரண்டையும் சேர்த்தே செய்கிறது. தேடிப் பிடிக்கக் கற்பனை வேண்டும், பிடித்தது உண்மையிலேயே விதியை உடைக்கிறதா என்று பார்க்கத் தர்க்கம் வேண்டும்.

எப்படி நடக்கும் என்று இன்னொரு மாலையைச் சொல்கிறேன். பொய் என்றால் என்ன என்று கேட்டேன். "உண்மை இல்லாததைச் சொன்னா பொய்" என்றான் ஒருவன். அப்படி இல்லாத ஒன்றைச் சொல்லு. "இன்னைக்கு வெள்ளிக்கிழமைன்னு நினைச்சுக்கிட்டு வெள்ளின்னு சொன்னா? அது தப்பு, பொய் இல்லையே." சரி, தெரிந்தே சொன்னால் பொய். "அப்ப பாட்டி சொல்ற கதை?" சரி, ஏமாற்றுவதற்காகத் தெரிந்தே சொன்னால் பொய். இங்கே கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. நானும் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போது அதுவரை வாயே திறக்காத பையன் மெதுவாகச் சொன்னான்: "ஹோம்வொர்க் முடிச்சியான்னு அம்மா கேட்பாங்க. நோட்டு பையில இருக்கும்மான்னு சொல்வேன். நோட்டு பையிலதான் இருக்கும்." உண்மையை மட்டுமே சொல்லி ஏமாற்ற முடியுமா? முடியும் என்று ஒத்துக்கொண்டார்கள். அப்படியானால் அது பொய்யா? அதில் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கூட்டிப்போக வந்து வாசலில் நின்றிருந்த அவனுடைய அம்மா எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை.

கவனித்தீர்களானால், அந்தப் பையன் பேசியது ஓர் அமைதிக்குப் பிறகு. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் அமெரிக்க வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து அளந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடியாக நீட்டினாலே பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, பிள்ளைகளே கேட்கும் கேள்விகள் கூடின. மூன்று வினாடி பெரிய விஷயமா என்று தோன்றும். இன்று இரவு முயன்று பாருங்கள். இரண்டாவது வினாடியிலேயே உங்கள் வாய் பரபரக்கும். எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. இன்னும் சில நாள் வழுக்கிவிடுகிறது.

இதில் பெரியவர்கள் செய்யும் தப்பு இரண்டு. ஒன்று, உடனே பதில் சொல்லிவிடுவது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டாவது இப்போது அதிகமாகி வருகிறது: "சூப்பர்! நீ சொல்றதும் சரி, அவன் சொல்றதும் சரி, இதுல தப்பான பதிலே கிடையாது." படைப்பாற்றல் வகுப்பு என்ற பெயரில் நடக்கும் பலவற்றில் இதைத்தான் பார்க்கிறேன். தப்பான பதில் நிறையவே உண்டு. தனக்குத்தானே முரண்படும் பதில், காரணமே இல்லாத பதில், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில், எல்லாம் உண்டு. கேஸ் அடுப்பைக் காட்டிய பிறகும் நெருப்பு என்றால் புகை இருந்தே தீரும் என்பவன் சொல்வது தப்புதான். அதைச் சொல்லாமல் மழுப்பினால், எதைச் சொன்னாலும் இவர்களுக்கு ஒன்றுதான் என்று குழந்தை புரிந்துகொள்ளும். ஏளனம் செய்யாமல் இருப்பது வேறு, எல்லாவற்றையும் மெச்சுவது வேறு.

அதேபோல, செங்கல்லை வைத்து என்னென்ன செய்யலாம் என்று பட்டியல் போடச் சொல்லும் பயிற்சியும் எல்லா வகுப்பிலும் இருக்கும். அந்த வகைக் கேள்வியை கில்ஃபோர்ட் போன்ற உளவியலாளர்கள் ஒருவரின் சிந்தனை எத்தனை பக்கம் விரிகிறது என்று அளக்கப் பயன்படுத்தினார்கள். அளவு நாடாவைத் தினமும் பிடித்துக்கொண்டு நின்றால் குழந்தை உயரமாகிவிடாது.

கற்பனைக்கென்றே ஒரு விளையாட்டு வேண்டுமானால், இத்தாலியக் குழந்தை எழுத்தாளர் ஜான்னி ரோடாரி 1973-இல் எழுதிய ஒரு யோசனையைச் சொல்வேன். ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு சொற்களை எடுத்துக்கொண்டு, இத்தாலிய மொழியின் முன்னிடைச் சொற்களால் (ஆங்கிலத்தின் in, with, of போன்றவை) அவற்றை விதவிதமாக இணைப்பது. அவருடைய சொற்கள் நாயும் அலமாரியும். தமிழில் இது இன்னும் நன்றாக வரும், ஏனென்றால் நம்மிடம் வேற்றுமை உருபுகள் இருக்கின்றன. பிள்ளைகள் மனப்பாடம் செய்து வெறுக்கும் அதே ஐ, ஆல், கு, இன், அது, கண்தான்.

பல்லி, பஸ் என்று இரண்டு சொல் வந்தது ஒரு நாள். பஸ்ஸில் பல்லி என்றால் சப்பென்று இருக்கிறது, தினமும் நடப்பதுதான். பல்லியால் பஸ்? பல்லி கத்தினால் சகுனம் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கும் டிரைவர் ஒருவர் பிறந்தார். மழைநாளில் பல்லியே வரவில்லை, பஸ் டிப்போவிலேயே நிற்கிறது. பல்லிக்கு பஸ்? நிறுத்தம் சுவரில் இருக்கும், டிக்கெட்டுக்குக் காசுக்குப் பதிலாக வாலை அறுத்துக் கொடுக்கும் என்றாள் ஒருத்தி. உடனே இன்னொருத்தி, "வால் திரும்ப முளைக்கிற வரைக்கும் ஆபீஸுக்கு எப்படிப் போகும்?" என்றாள். முதலாமவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு வாலுக்கு ஒரு மாசத்துக்கு சீசன் டிக்கெட்" என்றாள். பாருங்கள், கற்பனையை மேலே தூக்கியது அந்தக் குறுக்குக் கேள்விதான். கைதட்டி விட்டிருந்தால் கதை வாலோடு நின்றிருக்கும்.

இப்போது வகுப்பு பற்றி. இதெல்லாம் மதிப்பெண்ணைக் கூட்டுமா என்று அடுத்து கேட்பீர்கள் என்று தெரியும், விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருப்பார்கள். இங்கிலாந்தில் 48 தொடக்கப் பள்ளிகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2015-இல் வெளியானது. வாசிப்பிலும் கணக்கிலும் சுமார் இரண்டு மாத அளவு முன்னேற்றம் என்றார்கள். உலகெங்கும் எல்லோரும் அதையே மேற்கோள் காட்டினார்கள். பிறகு கிட்டத்தட்ட இருநூறு பள்ளிகளில் இன்னும் பெரிதாகச் செய்து பார்த்து 2021-இல் வெளியிட்டார்கள். வாசிப்பில் எந்த வித்தியாசமும் இல்லை. பிள்ளைகள் தெளிவாகப் பேசுகிறார்கள், அடுத்தவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று ஆசிரியர்கள் மட்டும் சொன்னார்கள். முதல் ஆய்வை மட்டும் காட்டிக் கட்டணம் கேட்பவரிடம் இரண்டாவதைப் பற்றிக் கேளுங்கள், பதிலிலேயே அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். மதிப்பெண்ணுக்காக என்றால் இந்த நேரத்தில் கணக்குப் போடச் சொல்லுங்கள், அதுவே பலன் தரும். வகுப்பில் ஒரு நாள் பின்னால் உட்கார விடுவார்களா என்றும் கேளுங்கள். பெரியவர் பேசும் நேரம் பாதிக்கு மேல் போனால் திரும்பி வந்துவிடுங்கள்.

வீட்டில் செய்வதில் ஒரு சங்கடம், ஒற்றைக் குழந்தையிடம் எதிர் உதாரணம் சொல்ல ஆள் இருக்காது. நீங்களே சொன்னால் அம்மா ஜெயித்துவிட்டாள் என்றாகும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், விடுமுறைக்கு வரும் சித்தப்பா பிள்ளைகள் என்று நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வட்டமாக உட்கார வையுங்கள், நீங்களும் தரையில் உட்காருங்கள். அரை மணி நேரம் போதும். வாரம் ஒரு நாள் போதும். வயது இரண்டு மூன்று வித்தியாசம் இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், எதிர்த்துப் பேசுவாளே என்ற பயம். பேசுவாள். எங்கள் கூட்டத்தில் நியாயம் பற்றிப் பேசியபோது பத்து வயதுப் பையன் ஒருவன், எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் நியாயம் என்று சொன்னான். சொல்லிவிட்டு அவனே, "அப்ப எங்க வீட்டுல வேலை செய்யற அக்காவுக்கு ஏன் தனி டம்ளர்?" என்றான். அதை வீட்டிலும் போய்க் கேட்டிருக்கிறான். மூன்று வாரம் அவன் வரவில்லை. நான் போய்ச் சமாதானம் பேசவில்லை, என்ன பேசுவது? நான்காவது வாரம் அவனே வந்து உட்கார்ந்தான். டம்ளர் என்ன ஆயிற்று என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது ஒரு டம்ளர் இருக்கும். தொடங்குவதற்கு முன்பே அதை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மரியாதையாகக் கேட்கச் சொல்லித்தரலாம், அது முறையும்கூட. கேட்காதே என்று மட்டும் சொல்ல முடியாது.

உங்கள் மகள் 'நாளை' பற்றிக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பூமி சுற்றுவதை விளக்க வேண்டாம், அதைப் பள்ளியில் பார்த்துக்கொள்வார்கள். "நீ என்ன நினைக்கிறே?" என்று கேளுங்கள். "நான் தூங்கி எழுந்தா ஆகும்" என்று அவள் சொல்லக்கூடும். அப்படி இல்லாத ஒன்று? ராத்திரி முழுக்க விழித்திருக்கும் வாட்ச்மேனுக்கு நாளை வராதா? கடிகாரத்தில் பன்னிரண்டு மணி ஆனால் என்பாள். சிங்கப்பூரில் யாராவது சொந்தக்காரர்கள் இருந்தால் இரவு ஒன்பதரைக்குப் போன் போட்டுக் கொடுங்கள். நம் வீட்டில் இன்னும் இன்றுதான், அங்கே அந்த நிமிடம் நாளை பிறந்துவிட்டது. ஒரே போனில் இந்தப் பக்கம் இன்று, அந்தப் பக்கம் நாளை. அதற்குப் பிறகு அவள் என்ன கேட்பாள் என்று என்னால் ஊகிக்க முடியவில்லை.

கதைகளுக்கு எங்கும் அலைய வேண்டாம், வேதாளம் போதும். ஒவ்வொரு கதையும் ஒரு கேள்வியில் முடிவது அதன் பெரிய வசதி. கோயிலில் இரண்டு ஆண்களின் தலை வெட்டுண்டு கிடக்கிறது, ஒருவன் கணவன். தேவியின் வரத்தால் உயிர் கொடுக்கப் போன மனைவி பதற்றத்தில் தலைகளை மாற்றி ஒட்டிவிடுகிறாள். யார் கணவன்? விக்கிரமாதித்தன் தலைதான் பிரதானம் என்பான். ராஜா சொன்னதோடு புத்தகத்தை மூடாதீர்கள். எங்கள் கூட்டத்தில் ராஜா சொன்னது யாருக்கும் செல்லுபடியாகவில்லை. "தாலி கட்டினது கைதானே? அப்ப உடம்பு யாரோடதோ அவர்தான் புருஷன்" என்றாள் ஒருத்தி. "கட்டினது ஞாபகம் இருக்கிறது தலைக்குத்தானே?" என்றான் அந்த ஹோம்வொர்க் பையன். "மறந்துபோனா புருஷன் இல்லையா? எங்க தாத்தாவுக்கு இப்ப பாட்டி பேரே ஞாபகம் இல்லை" என்றது இன்னொரு குரல். ஏழு மணிக்கு நூலகத்தைப் பூட்ட வேண்டும், விளக்கை அணைத்துவிட்டேன். இருட்டில் செருப்பைத் தேடிக்கொண்டே படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.